என் மனைவியின் எலும்பும் என் பயமும்

எனக்குப் பயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். பன்னிரண்டாவது மாடியில், திறந்த லிஃப்ட் பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த நாளில் பயம் என்றால் அது அடுத்த வீட்டுச் சமாச்சாரம். இப்போது அறுபத்தொன்பது வயதில், மனைவி குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தம் நின்று தாழ்ப்பாள் திறக்கும் வரை குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்கிற ஆளாகிவிட்டேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் அவளுடைய அக்கா. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காய்ந்த துண்டை எட்டி எடுத்தாள், கால் வழுக்கியது, இடுப்பு எலும்பு முறிந்தது. கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி நாலாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். விழுந்த அன்று அவளை ஸ்ட்ரெச்சரில் மாடியிலிருந்து இறக்கியபோது கால்பக்கம் பிடித்தவன் நான். எத்தனையோ மோட்டார்களைத் தூக்கிய கை இது. ஒரு பெரிய மனுஷி அவ்வளவு லேசாக இருந்ததை அந்தக் கையால் இன்னும் மறக்க முடியவில்லை.

அக்காவுக்கு அப்படி என்றால் தங்கைக்கும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முடிவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் மெலிஞ்சிருக்கும்மா. மைனஸ் ரெண்டு புள்ளி ஆறு" என்றார். அதற்கு மேல் மாத்திரை, கால்சியம், வெயில், உடற்பயிற்சி என்று என்னென்னவோ பேசினார். மைனஸ் என்ற சொல்லோடு என் காது அடைத்துக்கொண்டது. பூஜ்யத்துக்குக் கீழே போன எதையும் என் தொழிலில் ஓடவிட மாட்டோம். மாத்திரையும் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் எரிச்சலில் துடித்துவிட்டு நிறுத்தினாள். மிச்சம் இருந்தது நான்தான். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்தது கயிறு. லிஃப்டைத் தாங்குகிற இரும்புக் கயிறு நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. பளுவோடு கப்பியில் வளைந்து நிமிரும்போது அதன் ஆயுள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். லிஃப்டை மெதுவாக ஓடவிட்டு, கயிற்றின் மேல் பழந்துணியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். எங்கே துணி சிக்குகிறதோ அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. ஒரு சாண் நீளத்தில் இத்தனைக்கு மேல் அறுந்தால் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். புதுக் கயிறு வரும் வரை என்ன செய்வோம்? பளுவைக் குறைப்போம். எட்டுப் பேர் ஏறுகிற லிஃப்டில் நாலு பேர் என்று எழுதி ஒட்டுவோம். எலும்புக்குப் புதுசு வாங்க முடியாது. ஆகவே பளுவைக் குறைத்தேன். இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு யார் வந்து கேட்டிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன்.

குடத்தைத் தொடக் கூடாது என்றேன். அரிசி டப்பாவை நானே எடுத்துக்கொடுத்தேன். மேல் அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தேன். சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே நறுக்கச் சொன்னேன். மேசை முனைகளுக்கு ரப்பர் ஒட்டினேன். துணி துவைப்பதும் பெருக்குவதும் என் வேலையாயிற்று. ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கிய நான் குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அவள் படி இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். இறங்கும்போதும் ஒரு படி கீழே, முகத்தை அவள் பக்கம் வைத்து, பின்னோக்கி நான் இறங்குவேன். எதிரே வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது.

"பேசாம என்னைக் கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டிடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்டினாப் போதும்" என்றாள் ஒரு நாள்.

"உங்க அக்கா படுத்தது ஞாபகம் இல்லையா?"

"இருக்கு. அக்கா விழுந்துதான் படுத்தா. நான் விழாமலே படுத்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குடத்தைக் கொடுக்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா, அம்மாவைக் கொஞ்சம் நடக்க விடுங்க" என்றாள். உன் குடும்பத்தைப் பார் என்று வைத்துவிட்டேன். அவளும் விடவில்லை. முதல் வருடம் முடிந்து மறுபடியும் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தபோது தானே வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து இரண்டு பேரும் "பரவாயில்லையாம்" என்றார்கள். பளுவைக் குறைத்தது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குப் படிப்பில் ஆர்வம் வந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் தெருமுனை நூலகத்துக்குப் போவாள். கீழ்ப்படி வரை நான் இறக்கிவிடுவேன். "வாசகசாலைக்குள்ள நீங்க எதுக்கு? சத்தமா மூச்சு விட்டு எல்லாரையும் எழுப்பிவிடுவீங்க" என்று என்னை அங்கேயே நிறுத்திவிடுவாள். சமதளமான தெரு, நூறு அடி தூரம், சரி என்று விட்டேன். பதினொரு மாதம் இப்படி ஓடியது. வரும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கும். என்ன கதை என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழித்திருப்பாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். கதவருகே இருந்த அவளுடைய துணிப்பையை நகர்த்தலாம் என்று ஒரு கையால் தூக்கினேன். பை லேசில் வரவில்லை. புத்தகம் இவ்வளவு கனக்காது. திறந்து பார்த்தேன். மேலே போட்டுக்கொள்கிற கையில்லாத சட்டை ஒன்று, முன்னும் பின்னும் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள் வைத்துத் தைத்தது. ஒவ்வொரு பையிலும் ஒரு இரும்புத் துண்டு. லிஃப்டின் தாங்குசக்தியைச் சோதிக்க எடைக்கற்களை ஏற்றி இறக்கியே தேய்ந்த கை இது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். நாலு கிலோ. ஒரு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று நான் காவல் காத்த வீட்டிலிருந்து, என் மூக்குக்குக் கீழே, வாரத்துக்கு இரண்டு முறை நாலு கிலோ போய் வந்திருக்கிறது. அதுவும் படியில், என் எதிரிலேயே.

கோபமும் வந்தது, பயத்துக்குப் பின்னால்தான் வந்தது. பையை இருந்தபடியே வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் அவளை இறக்கிவிட்டேன். அவள் நூலகத்துக்குள் போனதும் பின்னாலேயே போனேன்.

வாசகசாலையில் அவள் இல்லை. பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்த பின்கட்டு அறையிலிருந்து டொம் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொம். கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாம் நரைத்த தலை. ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி, குதிகாலை அப்படியே தரையில் போட்டார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க பயிற்சியாளர் அம்மா ஒருவர், குட்டையாக, தோள் அகலமாக, எண்ணிக்கொண்டிருந்தார்.

கயிறு மெதுவாக ஏறும் பளுவைப் பொறுத்துக்கொள்ளும். தொய்ந்து வெடுக்கென்று இழுபட்டால்தான் போகும். அந்த டொம் ஒவ்வொன்றும் எனக்கு அப்படித்தான் கேட்டது. எட்டுப் பேரில் என் மனைவி எங்கே என்று தேடினேன். ஓரத்தில் இருந்தாள். நாலு கிலோ சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு சாண் உயரமுள்ள மரப்பெட்டியின் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அவள் பக்கம் திரும்பி, "முட்டியை மடக்கி, ரெண்டு காலும் ஒண்ணா இறங்கணும்மா. நல்லாச் சத்தம் வரட்டும்" என்றார்.

அவள் முட்டியை மடக்கினாள். குதிக்கப் போகிறாள் என்று புரிந்தது. நான் கதவைத் தள்ளியதும் ஓடியதும் எனக்கு நினைவில் இல்லை. அவளுடைய மேல்கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், அதுதான் நினைவிருக்கிறது. அப்போது அவள் கால் பெட்டியிலும் இல்லை, தரையிலும் இல்லை. என் இழுப்பில் உடம்பு பக்கவாட்டில் திரும்பியது. ஒரு காலைச் சட்டென்று தள்ளி ஊன்றினாள். நிமிர்ந்துகூட இருப்பாள். ஆனால் எழுபத்தெட்டுக் கிலோ எடையோடு நானும் அவள் மேல் சரிந்தேன். இடது கையைத் தரையில் ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவள் பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

பெரிய மீசை வைத்த ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "யாருய்யா நீ?"

தரையில் கிடந்தபடியே என் மனைவி பதில் சொன்னாள். "விட்டுடுங்க. என் வீட்டுக்காரர்தான்."

மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. "இடுப்பு? இடுப்பு வலிக்குதா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பயிற்சியாளர்தான் அவளுடைய இடுப்பையும் தொடையையும் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி கூப்பிட்டார். ஆஸ்பத்திரி போகும் வரை அந்த அம்மாவும் கூட வந்தார். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அக்கா நாலு மாதம் இருந்தாள், இவள் எத்தனை மாதம் இருப்பாள் என்று மனசு கணக்குப் போட்டது. இவளுக்கும் முடிந்தது, முடித்தவன் நான் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார். "எப்படிம்மா விழுந்தீங்க?"

தடுக்கி விழுந்தேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் எத்தனையோ இடத்தில் என் மானத்தைக் காப்பாற்றியவள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "இவர் பிடிச்சு இழுத்தார்" என்றாள்.

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். அவள் மேல்கையில் என் விரல்கள் பதிந்த சிவப்பு அப்படியே இருந்தது. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கய்யா" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரைக்கு வெளியே, அடிக்கிற புருஷர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.

உள்ளே நர்ஸின் குரல் தணிந்து கேட்டது. "பயப்படாமச் சொல்லுங்கம்மா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினைதான்" என்றாள் என் மனைவி. "ரெண்டு வருஷமா ஒரு குடம் தண்ணி தூக்க விட மாட்டேங்கிறார்."

பிறகு நர்ஸ் வெளியே தலையை நீட்டி, பழைய ரிப்போர்ட் இருந்தால் கொடுக்கச் சொன்னார். அவளுடைய பையில்தான் இருந்தது. இரும்புச் சட்டைக்குக் கீழே ஒரு உறை. அதில் மூன்று காகிதங்கள். மூன்றா? எனக்குத் தெரிந்து ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் பரிசோதனைப் பதிவேடு படிப்பதே நாற்பது வருடம் என் பிழைப்பாக இருந்தது. தேதியையும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் ஒழுங்காக வேலை பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று காகிதமே சொல்லிவிடும். பெஞ்சில் மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

முதல் காகிதம், இரண்டு வருடத்துக்கு முன்: மைனஸ் இரண்டு புள்ளி ஆறு. இரண்டாவது, ஒரு வருடம் கழித்து: மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது. கீழே டாக்டர் கையால் எழுதியிருந்தார்: உடல் உழைப்பு மிகக் குறைவு, எடையுடன் கூடிய பயிற்சி உடனே தொடங்கவும். மூன்றாவது, மூன்று வாரத்துக்கு முன், நூலகம் என்று சொல்லிப் போன ஒரு செவ்வாய்க்கிழமை: மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண் மாறவில்லை. நான் குடத்தைப் பிடுங்கி, அரிசி டப்பாவைப் பிடுங்கி, நாற்காலியில் உட்காரவைத்த அந்த ஒரு வருடத்தில்தான் அது இறங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் அவள் குதித்த வருடத்தில் இறங்காமல் நின்றிருக்கிறது. பரவாயில்லையாம் என்று இரண்டு பேரும் அன்றைக்குச் சொன்னது என் முகத்துக்காகச் சொன்ன பொய். விழப்போகிறாள் விழப்போகிறாள் என்று நான் பயந்து பயந்து காவல் காத்தபோது, உள்ளே இருந்து எலும்பை எடுத்துக்கொண்டிருந்தது நான்தானா?

பயிற்சியாளர் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. கயிற்றைப் பற்றி, கம்பியைப் பற்றி, பளுவைக் குறைப்பதைப் பற்றி எல்லாம் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கயிறு தானா வளராதுய்யா" என்றார். "எலும்பு தினமும் தன்னையே கொஞ்சம் உடைச்சு, கொஞ்சம் கட்டிக்கிட்டே இருக்கும். மேல பளு விழுந்தாத்தான் கட்டணும்னு அதுக்குத் தெரியும். விழலைன்னா, இங்க யாருக்கும் நான் வேணாம் போலன்னு கரைஞ்சுடும்."

"அப்ப இன்னைக்கு விழுந்தது?"

"அது நீங்க." முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னார். "இழுத்ததும் ஒரு காலை எடுத்து வெச்சாங்க பாருங்க, அதைத்தான் பதினொரு மாசமாப் பழக்குறோம். அந்தக் கால் போகலைன்னா நேரா இடுப்புதான் தரையில பட்டிருக்கும். வந்த புதுசுல நாற்காலியிலேர்ந்து கை ஊனாம எழுந்திருக்க முடியாது அவங்களுக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எழுந்திருக்கும்போதெல்லாம் கை கொடுத்தது நான்தானே, எனக்கு எப்படித் தெரியும்.

மணிக்கட்டு மட்டும்தான் என்று டாக்டர் சொன்னார். இடுப்பில் ஒன்றும் இல்லை. எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டு, சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வேண்டியதைக் கண்ணாலேயே காட்டினாள். வாயடிக்கிற பெண்டாட்டி வாயை மூடினால் வீட்டில் இருக்க முடியாது என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் வந்தாள். நாற்காலியைக் காலாலேயே ஓரமாகத் தள்ளினாள். வலது கையால் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். குதிகால் மேலே எழும்பத் தொடங்கியது.

"என்ன பண்ற?" என்றேன்.

"பார்த்தாத் தெரியலையா?"

"கட்டுப் பிரிக்கிற வரைக்குமாவது பொறு. ஒரு கைதான் இருக்கு உனக்கு."

"கையால யாரு நிக்கிறா? டாக்டரைக் கேட்டுட்டேன். அந்த அம்மாவையும் போன்ல கேட்டுட்டேன். குதிக்க வேணாம், இது பண்ணலாம்னாங்க."

பேசிக்கொண்டே நான் அவள் பக்கம் போயிருந்தேன். என் ஈரக்கை அவள் இடுப்பருகே காற்றில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். குதிகாலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"அன்னைக்குப் பெட்டி மேல நின்னப்ப எனக்குப் பயமே இல்லைங்க" என்றாள். "உங்க முகத்தைப் பார்த்தேன். அப்பத்தான் பயந்தேன். ரெண்டு வருஷமா அந்த முகத்துக்கு எதிர்லதான் படி இறங்குறேன். நீங்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் எங்க அக்காவாத்தான் தெரியுறேன் உங்களுக்கு. எனக்கு இன்னும் சாகப் பிடிக்கலை."

"என்னாலதான் குறைஞ்சுது. அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்" என்றேன்.

"பார்த்தீங்கன்னு தெரியும். வரிசையை மாத்தி உள்ள வெச்சிருந்தீங்க."

"ஏன்டி என்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நூலகத்துக்கும் தாழ்ப்பாள் போட்டிருப்பீங்க."

அது உண்மைதான்.

"இப்பச் சொல்றேன்" என்றாள். "அம்பது தடவை பண்ணணும். தினமும் பண்ணுவேன். பார்க்க முடியலைன்னா வெளிய போயிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். இங்க நிக்கிறதா இருந்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். நான் சாய்ஞ்சாக்கூட, நானே கூப்பிடுற வரைக்கும் தொடக் கூடாது."

"சாய்ஞ்சாக்கூடவா?"

"சாய்ஞ்சாக்கூட."

வெளியே போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இவள் தனியாக இங்கே, ஒற்றைக் கையோடு. அதைவிட இது மேல். கையைத் துடைத்துக்கொண்டு கட்டிக்கொண்டேன். விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டேன்.

அவள் நுனிக்காலில் எழும்பினாள். கெண்டைக்கால் இறுகி நடுங்கியது. மாவுக்கட்டுக் கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. ஒரு கணம் அப்படியே நின்றாள். குதிகாலை விட்டாள். டொம் என்று தரை அதிர்ந்தது, அலமாரியில் தட்டுகள் கிணுங்கின. மறுபடி எழும்பினாள். நாலாவது தடவை உடம்பு இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. என் கை கட்டை அவிழ்த்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காலைச் சட்டென்று தள்ளி வைத்து, தானே நிமிர்ந்தாள். என் கையை நானே பிடித்து இழுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

பத்து ஆனதும் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"போதுமே" என்றேன்.

"இன்னும் நாப்பது இருக்கு" என்றாள். "பயமா இருந்தா நீங்க எண்ணுங்க."

பதினொன்று என்றேன். அவள் எழும்பினாள்.